வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு

ஷண்முகப்ரியாவை அந்தக் கடையில் ஒருவருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அவர்களில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பாதியை அவள் மனிதர்களாகவே எண்ணுவதில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆனால் போதும், மேற்கு மாம்பலத்தில் அந்த ஒடுங்கிய மாடிப்படியில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டுவிடும். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "வந்துட்டாங்கடா" என்று யாராவது முனகுவார்கள். அவள் காதில் விழும். விழட்டும் என்றுதான் முனகுவது.

கீழே குலாம் முகம்மது பாயின் கல்யாணப் பத்திரிகைக் கடை. மாடியில், முன்பு காகிதக் கட்டுகள் அடுக்கி வைத்திருந்த நீள அறையில், நாலைந்து மேஜையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டு ஞாயிறுதோறும் அட்டை விளையாட்டு நடக்கும். சீட்டாட்டம் அல்ல. இதைத் தெருவில் எத்தனை பேருக்கு விளக்கி நாக்கு வறண்டிருக்கிறார் என்பது பாய்க்குத்தான் தெரியும். பறவை, மிருகம், பூதம் என்று படம் போட்ட அட்டைகளைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்து, தனக்கென்று ஒரு கட்டு அமைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரைத் தோற்கடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. வளர்ந்த மனிதர்கள், ஆடிட்டர்கள், ஐ.டி. கம்பெனியில் பத்துப் பேரை மேய்ப்பவர்கள், இதற்காக முகம் சிவக்கச் சண்டை போடுவார்கள். வீட்டில் மனைவி கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைப்பார்கள்.

அட்டையில் எல்லாம் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். கடையில் அவற்றுக்கு வேறு பெயர். இடிக்காகம் என்றால் எல்லோருக்கும் பயம். அது களத்தில் வந்து இறங்கியதும் அதற்கு ஒரு திறன் கிளம்பும். எதிராளியின் அட்டை ஒன்றைத் தூக்கி வெளியே போடலாம். வந்து இறங்கும்போது மட்டும்தான். இறங்கி உட்கார்ந்த பிறகு அதுவும் சாதாரணக் காகம்தான், எதிராளி அடித்து அது சாகும்போது மட்டும் இன்னொரு சின்னத் திறன் கிளம்பும்.

திறன் தானாக நடந்துவிடாது என்பதுதான் இந்தக் கடையின் வழக்கம். அட்டைக்கு உரியவர் அதை விரலால் தட்டி, "வந்துச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடுத்த காரியத்துக்குப் போய்விட்டால் போனது போனதுதான். எதிராளி நினைவூட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் மனிதர்கள்தானே, எதிராளி மறந்தால் மற்றவர்கள் தொண்டையைக் கனைப்பார்கள், அட்டையைப் பார்ப்பார்கள், "சார், ஏதோ விட்டுட்டீங்க போல" என்பார்கள்.

ப்ரியா கனைக்க மாட்டாள். மயிலாப்பூர் ஆடிட்டர் வெங்கடரமணன் ஒரு முறை காகத்தை இறக்கிவிட்டு, நழுவிய மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து, அடுத்த அட்டையில் கை வைத்த பிறகு "அடடா" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு செகண்ட் லேட்டாயிடுத்தும்மா. யோசிச்சுண்டு இருந்தேன்."

"ஆயிடுச்சுல்ல? அப்போ விடுங்க" என்றாள் ப்ரியா. அதற்குப் பிறகு அந்த மனிதர் அவளோடு விளையாட்டைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொண்டதில்லை.

வேலை செய்யும் இடத்திலும் அவள் இப்படித்தான். தி. நகரில் பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் மேட்சிங் பிளவுஸ் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர். வாடிக்கையாளர் புடவையை விரித்ததும் ரவிக்கைத் துணியை எடுத்துப் போடுவாள். "கொஞ்சம் லைட்டா இருக்கே" என்று யாராவது இழுத்தால், "உங்க கண்ணு லைட்டா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். அவள் புடவையையும் துணியையும் வாசல் வெயிலில் கொண்டுபோய் அவருக்குக் காட்டிவிட்டு வந்து மறுபடி வேலையைப் பார்த்தாள். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அவளுக்கு மூக்கே கோபத்தால் ஆனதுதான்.

ராம்குமாரை இந்த மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். அதுதான் அவளால் விழுங்க முடியாத விஷயம். வடபழனியில் டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் ராம்குமாருக்கு அப்போது காகத்துக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாது. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாள். பிறகு காதல், கல்யாணம், அசோக் நகரில் வீடு. பிறகு குடும்ப நீதிமன்றம். பாத்திரம், பீரோ, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பிரிக்க மட்டும் நீதிபதிக்குத் தோன்றவில்லை.

ஆக, இருவரும் வந்தார்கள். அவள் ஜன்னலோரம், அவன் கதவோரம். அவள் ஜெயித்தால் அவன் உரக்கச் சிரிப்பான், வேறு எதற்கோ சிரிப்பது போல. அவன் தோற்றால் அவள் பாய்க்குக் காசு கொடுத்து எல்லோருக்கும் டீ சொல்லுவாள். இடையில் மாட்டியவர்களுக்கு டீயும் இறங்கவில்லை. ஒருவர் இருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் பாய் படியேறி வந்து, நடு அறையில் நின்று, இருவரையும் சேர்த்துப் பிடித்தார்.

"இன்னாமா, இன்னா நைனா, நான் இன்னா ஃபேமிலி கோர்ட்டா நடத்திக்கினு கீறேன்? ரெண்டு பேரும் கண்ணாலயே அடிச்சிக்கினா மத்தவன் எப்டி ஆடுவான்? ஒருத்தர் இருங்க. ஒருத்தர் வேற எடம் பாருங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

"நான்தான் முதல்ல வந்தவ" என்றாள் ப்ரியா.

"முதல்ல வந்தவங்களுக்குன்னு பட்டா இருக்கா?" என்றான் ராம்குமார்.

"ஆடிப் பார்த்துடலாமா?"

"ஆடலாம். தோத்தா வரக் கூடாது. இங்க நீ இருந்தா நான் படியேற மாட்டேன். நான் இருந்தா நீ."

மற்ற கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவளுக்கு அண்ணா நகரும் பழைய மகாபலிபுரம் சாலையும் கடையாகவே தெரியாது. வாரம் முழுக்க ஊரார் புடவைக்கு நிறம் பார்த்துவிட்டு, அறை எடுத்திருக்கும் வடபழனி வீட்டில் யார் முகத்தையும் பார்க்காமல் படுத்து எழுந்துவிட்டு, தான் ஒரு ஆள் என்று அவளுக்கு நினைப்பு வருவது இந்த மாடியில்தான். இங்கே அவளை வெறுக்கிறார்கள் என்றால், அவள் வருவது அவர்களுக்குத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? இந்த இடம் போனால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. இது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் ஆடலாம் என்றான்.

அந்த ஞாயிறு மேஜையைச் சுற்றிக் கூட்டம். வராமல் போனவர்கள்கூட வந்திருந்தார்கள். அடுத்தவர் வீட்டுச் சண்டை என்றால் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும்? பாயின் மகள் ஃபிசா நடுவராக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சட்டக் கல்லூரியில் படிப்பவள். கடையில் விதிச் சண்டை எது வந்தாலும் அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புகளில் முக்கால்வாசி நகல் அட்டைகளைப் பற்றியதாகவே இருக்கும். நகல் இரண்டு விதம். முகமூடி என்றொரு அட்டை. ஏற்கெனவே களத்தில் கிடக்கும் ஒன்றின் மேல் அதைப் போட்டால், கிடப்பது வேறொன்றாக மாறும். இன்னொன்று பச்சோந்தி, அது கையிலிருந்து இறங்கும்போதே களத்தில் இருக்கும் வேறொரு அட்டையின் உருவத்தில் இறங்கும். இரண்டும் ஒன்றுதானே என்று புதிதாக வருபவர்கள் வாதாடுவார்கள். ஃபிசா ஒரே பதில் வைத்திருக்கிறாள். "வீட்டுக்குள்ள இருக்கிறவர் சட்டை மாத்தினா வீட்டுக்கு வந்தவர் ஆயிடுவாரா? வெளியேருந்து போலீஸ் டிரெஸ்ல ஒருத்தர் உள்ள வந்தா, போலீஸ் வந்த மாதிரிதானே?" முகமூடி போட்டுக் காகமானது இறங்கி வந்த காகம் அல்ல, அதற்குத் திறன் கிளம்பாது. பச்சோந்தி காகமாக வந்தால், வந்தது காகம்தான். திறனும் சேர்ந்தே வரும். கேட்கும்போது எல்லோருக்கும் புரியும். ஆட்டத்தின் நடுவில் ஒருவருக்கும் புரியாது.

முதல் ஆட்டத்தை ராம்குமார் ஜெயித்தான். அவனுக்கு அட்டை விழுந்தது, அவ்வளவுதான். இரண்டாவதில் ப்ரியா அவனைத் துவைத்துக் காயப்போட்டாள். மூன்றாவதுதான் முடிவு.

மூன்றாவது ஆட்டத்தில் அவள் ஆடிய அழகை அவளை வெறுப்பவர்களும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். காகத்தை இறக்கி, தட்டி, "வந்துச்சு" என்று அறை முழுக்கக் கேட்கச் சொல்லி, அவனுடைய ஒரே காவல் அட்டையைத் தூக்கி வெளியே போட்டாள். பிறகு எருமையை இறக்கினாள். எருமை மெதுவான மிருகம். இறங்கிய முறை சும்மா நிற்கும், அடுத்த முறை மோதும். மோதினால் அவன் காலி. அவன் கையில் ஒரே ஒரு அட்டை. அதுவும் உதவாத அட்டை என்பதை அவன் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். எட்டு வருஷம் அந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிட்டவள் அல்லவா.

ராம்குமார் தன் அட்டைக்கட்டிலிருந்து புதிய அட்டை ஒன்றை உருவினான். பார்த்தான். கீழே வைத்தான்.

"பச்சோந்தி. உன் காகமா வருது."

காகமாக வந்தது. சரி. இனி அவன் தட்ட வேண்டும், சொல்ல வேண்டும், எருமையைத் தூக்க வேண்டும். அவன் தட்டவில்லை. கன்னத்தைச் சொறிந்தான். முகமூடிக்கும் பச்சோந்திக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு அன்றைக்கும் குழப்பம். நகல்தானே, இதற்குத் திறன் எங்கே இருக்கப் போகிறது என்று தன்னைத் தானே தோற்கடித்துக்கொண்டிருந்தான். வெங்கடரமணன் கனைக்க வாயெடுத்தார். ஃபிசா ஒரு பார்வை பார்த்தாள், அடக்கிக்கொண்டார். ராம்குமார் வலது கையை மேஜைக்கு மேலே தூக்கினான். "முடிச்சுட்டேன்" என்று சொல்லி உள்ளங்கையைப் படுக்க வைத்தால் அவன் முறை முடிந்துவிடும். கை அந்தரத்தில் நின்றது.

"வந்துச்சு. எதை எடுக்கிறே?"

சொன்னது ப்ரியா.

 சொன்ன வாயைத் தானே பார்ப்பது போலக் கண்ணைத் தாழ்த்தினாள். அசோக் நகர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தட்டுகளை ஒதுக்கிவிட்டு அவர்கள் ஆடிய ராத்திரிகளில், அவனுடைய திறன்களையும் சேர்த்து அவள்தான் சொல்லுவாள். அவன் கை இப்படி அந்தரத்தில் நிற்கும், அவள் சொல்லுவாள், அவன் சிரிப்பான். ஊரில் யாருக்கும் நினைவூட்டாதவள் அவனுக்கு மட்டும் சொல்லிப் பழகியிருந்தாள். அந்தக் கை நின்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. கோர்ட்டு அவளை அவனிடமிருந்து பிரித்தது, நாக்கை விட்டுவிட்டது.

"ஆமால்ல!" என்றான் ராம்குமார். எருமையின் மேல் விரலை வைத்தான். "இதை."

அந்த "ஆமால்ல" தான் அவளைக் கொன்றது. அதே குரல், அதே வெகுளி முகம். எட்டு வருஷமும் அவள் கேட்ட "ஆமால்ல."

"ஜட்ஜ்!" என்று யாரோ கத்தினார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். எதிராளி சொன்னது எப்படிச் செல்லும் என்றார் ஒருவர். ஆட்டத்தில் ஒரு நாளும் யாருக்கும் சொல்லாதவள் இன்றைக்குச் சொன்னால் அதை விட்டுவிட முடியுமா என்றார் இன்னொருவர். அவருக்குப் பழைய வயிற்றெரிச்சல். ஃபிசா கையை உயர்த்தி அடக்கினாள். அவளுக்கு முகம் வெளிறியிருந்தது.

"ராம் அண்ணா முறையை முடிக்கல. அதுக்குள்ள வாய்விட்டுச் சொல்லியாச்சு, எதைன்னு கேட்டாச்சு, அவரும் காட்டிட்டாரு. யார் வாயால வந்தாலும் வந்தது வந்ததுதான். சாரிக்கா."

"நீ ஏம்மா சாரி சொல்றே? சரியாத்தான் சொன்னே" என்றாள் ப்ரியா. எருமையை எடுத்துத் தள்ளி வைத்தாள்.  எல்லோரும் பார்த்தார்கள்.

அத்தோடு ராம்குமார் சும்மா இருந்திருக்கலாம். கூட்டத்தைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். "நானே சொல்லத்தான் வந்தேன்ங்க. அவ அவசரப்பட்டுட்டா."

ப்ரியா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நீயா? நீ சொல்ல வந்தியா? உங்கம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்தது உனக்குத் தெரியுமா ஒரு நாளாவது? கேஸ் எப்போ புக் பண்ணணும்னு தெரியுமா? உன் லைசென்ஸ் முடியறது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா நிப்பே, நான் சொல்லணும். நான் சொன்னா 'ஆமால்ல', சொல்லலைன்னா 'நீ சொல்லவே இல்லையே'! நம்ம டைவர்ஸ் ஹியரிங்குக்கே தேதி யாருடா ஞாபகப்படுத்தினது? நான் மெசேஜ் போடலைன்னா நீ கோர்ட்டுக்கு வந்திருப்பியா? இன்னும் என் புருஷனாவே இருந்திருப்படா, மறந்து!"

யாரோ பின்னால் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராம்குமாருக்குக் காது சிவந்தது.

"இதுக்குத்தான்" என்றான் அவன். குரல் தாழ்ந்திருந்தது, கசப்பு தாழவில்லை. "இதுக்குத்தான் வீட்டுல எனக்கு எதையும் ஞாபகம் வெச்சுக்கப் பிடிக்கல. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ சொல்லிடுவே. எப்பவும். இப்ப மட்டும் என்ன? எனக்கு ரெண்டு செகண்ட் குடுத்தியா? மறந்திருந்தா மறந்துட்டுத் தோத்திருப்பேன். அதுக்கும் விட மாட்டே."

அவளுக்குச் சுரீர் என்றது.   உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடர்ந்தாள். எருமை போன பிறகு அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவனுக்கு மறுபடி அட்டை விழுந்தது. சீக்கிரமே முடிந்துவிட்டது. ஒருவரும் கை தட்டவில்லை. அந்த மட்டும் மரியாதை இருந்தது.

அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக அதன் பிளாஸ்டிக் உறையைச் சரி பார்த்துப் பெட்டிக்குள் வைத்தாள். பாய் கீழேயிருந்து டீ அனுப்பியிருந்தார். குடிக்கவில்லை. ஃபிசாவின் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுக் கதவைத் தாண்டினாள். வெங்கடரமணன் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.  இந்தக் கும்பல் எதிரில் அழுவதைவிட ஓடுகிற ரயிலில் ஏறுவது மேல் என்று படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பாதிப் படியில் மேலேயிருந்து குரல் வந்தது.

"ப்ரியா, ஒரு நிமிஷம்."

ராம்குமார் படியின் உச்சியில் நின்றான். கையில் பச்சோந்தி அட்டை. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அடுத்து வெங்கடரமணன் சார் கூட ஆட்டம். அவரு என் பச்சோந்தியை அடிச்சுட்டாருன்னு வெச்சுக்கோ. காகமா இருக்கும்போதே. அது காகமா சாகுமா, பச்சோந்தியா சாகுமா? காகத்துக்குச் சாகும்போதும் ஏதோ திறன் இருக்கே, அது எனக்கு வருமா?"

அவனுக்கு அதில் வெட்கமே இல்லை. ஜெயித்து அவளை வெளியே அனுப்பிவிட்டு, அனுப்பியவளிடமே சந்தேகம் கேட்க வந்து நிற்கிறான். அட்டையைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

விடை அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். நாக்கின் நுனியில் வந்து நின்று பல்லை முட்டியது. அவள் பல்லைக் கடித்தாள். அவன் காத்திருந்தான். அவன் எப்போதும் காத்திருப்பான். அவள் சொல்லிவிடுவாள் என்பதில் அவனுக்குக் கடவுள் மேல் இல்லாத நம்பிக்கை.

"சொல்லேன்."

ப்ரியா திரும்பிப் படியிறங்கினாள்.

"ஏய், சொல்லிட்டுப் போ! ஆட்டம் ஆரம்பிச்சுடும்!"

தெருவில் இறங்கி நடந்தாள். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறினாள். தாம்பரம் வண்டி ஒன்று கீழே வந்து நின்று கூட்டத்தைக் கொட்டியது. அந்த வெள்ளத்தில் அவளும் அடித்துச் செல்லப்பட்டு ரங்கநாதன் தெருவில் விழுந்தாள். ஞாயிறு சாயங்காலம், எள் போட்டால் எள் விழாது. நைட்டி, டிபன் பாக்ஸ், பிளாஸ்டிக் குடம் என்று நாலு பக்கமும் கூவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு இந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வரும் என்று பார்த்தாள். அதற்கு முன்னால் அந்த விடை வந்து அடைத்தது. அதைத் துப்பாமல் மேலே ஓரடி வைக்க முடியாது போலிருந்தது.

"சாகும்போதும் காகமாத்தான்டா சாகும்! திறன் வரும்! செத்த பிறகுதான்டா பச்சோந்தி, மடையா!"

முன்னால் போன அம்மாள் ஒருத்தி திடுக்கிட்டுத் திரும்பி, தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ப்ரியா அவளைச் சுற்றிக்கொண்டு வடபழனி பஸ்ஸுக்கு நடந்தாள்.